ரத்தினம்மா அண்ணியும் அழுகிய கொடிக்காலும்

ரத்தினம்மா அண்ணியைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியிருப்பேன். நழுவுவது எனக்குக் கைவந்த கலை. பத்து வருஷம் அண்ணியைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் நானேதான் எழுத வேண்டும்.

அண்ணி குளித்தலைப் பக்கத்துக்காரர். என் அண்ணன் வடிவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு 1951இல் கப்பலேறி சிங்கப்பூருக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று நாம் முகம் சுளித்தால், "ஆமா, ரெண்டு வாட்டி போட்டுட்டேன்" என்பார். தப்பை ஒத்துக்கொள்வது அவருக்குத் தும்மல் மாதிரி, வந்தால் அடக்கத் தெரியாது. அந்தக் குணம்தான் அவரைக் கெடுத்தது. எனக்கு அந்தக் குணம் கிடையாது, நான் நன்றாகவே இருந்தேன்.

அண்ணன் பொத்தோங் பாசிரில், சீனர்களின் கீரைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம் பிடித்து வெற்றிலை போட்டிருந்தார். வெற்றிலைத் தோட்டத்தை நாங்கள் கொடிக்கால் என்போம். அகத்தியை வரிசையாக நட்டு, அதில் கொடியை ஏற்றி, வரிசைக்கு வரிசை வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரையே மொண்டு ஊற்றுவது. அண்ணனுக்கு அது கோயில். செருப்புப் போட்டு நுழையக்கூடாது. குளிக்காமல் நுழையக்கூடாது. வீட்டுக்கு விலக்கான நாளில் பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது, தீட்டுப் பட்டால் கொடி கருகிப்போகும். ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு இந்தச் சட்டமும் கப்பலேறி வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சீனர் ரப்பர் பூட்ஸோடு தன் கீரைப் பாத்தியில் நின்றபடி, எங்கள் அண்ணன் வெறுங்காலோடு சேற்றில் பயபக்தியாக நடப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த வெற்றிலைதான் என்னைப் படிக்க வைத்தது. அண்ணன் விடியற்காலையில் கவுளி கவுளியாகக் கட்டி சைக்கிளில் தேக்கா சந்தைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்ததும் அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. செடிகளுக்கு வரும் நோயைக் கண்டுபிடிக்கும் இடம். "என் தம்பி செடி டாக்டர்" என்று அண்ணன் தேக்கா முழுக்கச் சொல்லி வைத்தார்.

டாக்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விவசாயிகள் நோய் கண்ட இலையையும் வேரையும் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார்கள். நான் பெயரும் இடமும் எழுதி எண் போடுவேன். சீனியர் அசிஸ்டென்ட் யாக்கூப் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லுவார். அதை ஒரு கார்டில் டைப் அடித்து அலமாரியில் போடுவேன். அலமாரியில் ஐந்து இழுப்பறை. முதல் நான்கும் உயிருள்ள காரணங்களுக்கு: பூசணம், பாக்டீரியா, வைரஸ், வேரைக் குடையும் நுண்புழு. ஐந்தாவது உயிரில்லாத காரணங்களுக்கு: உரம் போதாதது, தண்ணீர் தேங்கியது, வெயிலில் வெந்தது. உலகத்தில் எந்தச் செடிக்கு எந்தக் கேடு வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்கு ஒரே பெருமை.

யாக்கூப் காயல்பட்டினத்துக்காரர். பொறுமைசாலி. "வியாதி சும்மா வராது லா," என்பார். "கிருமி மட்டும் இருந்தாப் பத்தாது. அதுக்கு இடங்கொடுக்கிற செடி வேணும். மழை, வெயில் தோதா இருக்கணும். மூணும் ஒண்ணு கூடுனாத்தான் ஆட்டம்." நான் தலையாட்டிவிட்டு அடுத்த கார்டை அடிப்பேன். அழுகல் நோய்க் கார்டு எல்லாவற்றிலும் அறிவுரையின் முதல் வரி ஒன்றேதான்: அழுகிய செடியைப் பிடுங்கி எரிக்கவும். எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

1955ஆம் வருஷம், தீபாவளி நெருங்கும் சமயம். கொடிக்காலின் மேட்டு மூலையில் ஏழெட்டுக் கொடிகள் அடித்தண்டு கறுத்துத் தொங்கின.

"டேய் பரமு, அதுகளைப் பிடுங்கி அந்தாண்ட கொண்டுபோய் எரிச்சிடு. மத்ததுக்குப் பரவிடும்," என்றார் அண்ணன். கார்டு படிக்காத மனுஷருக்கே அது தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஜாலான் புசார் ஸ்டேடியத்தில் பந்தாட்டம். கூட்டாளிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். பிடுங்கினேன். வழுவழுவென்று, நாற்றமெடுத்த, ஈரக் கொடிகள். நெருப்புப் பற்றவில்லை. மண்ணெண்ணெய் வாங்க மெயின் ரோட்டுக்கு நடக்கவேண்டும். அப்படியே சுருட்டித் தலைவாய்க்காலில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எல்லா வரிசைக்கும் தண்ணீர் பிரிந்து போகும் வாய்க்கால் அது. அடுத்த இரண்டு ஞாயிறும் அதே மூலை, அதே வாய்க்கால், அதே பஸ். அண்ணன் கேட்டபோது, "எரிச்சிட்டேண்ணே" என்றேன்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பொத்தோங் பாசிருக்கு வெள்ளம் புதிதல்ல, ஆனாலும் அன்றைக்கு வந்தது நிறைய. அண்ணன் தேக்காவில் மாட்டிக்கொண்டார், நான் ஆபீஸில். அண்ணி தனியாக இருந்தார். காற்றில் அகத்திகள் ஒவ்வொன்றாகக் கொடியோடு சாய்வதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு அது விலக்கான மூன்றாம் நாள். கொஞ்ச நேரம் பார்த்தவர், கொச்சைக்கயிற்றை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். அண்ணன் திரும்பி வந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட அகத்திகள் முட்டுக்கொடுத்துக் கட்டி நிறுத்தப்பட்டிருந்தன. யார் கட்டியது என்று அண்ணன் கேட்கவில்லை. சாமி காப்பாற்றியது என்று கற்பூரம் கொளுத்தினார்.

ஜனவரியில் சாமி கைவிட்டது. இலைகள் பழுத்துத் தொங்கின. முதலில் வாய்க்கால் ஓரம், பிறகு வரிசை வரிசையாக. தண்டைத் தொட்டால் கறுப்புச் சாறு. அண்ணன் சாப்பாட்டை விட்டார். ஒருநாள் காலை என்னையும் அண்ணியையும் முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"கொடிக்கால்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. யாரு என்ன செஞ்சீங்க? இப்பவே சொல்லிடுங்க."

அந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி சொன்னார்: "நான்தான் போனேன். வெள்ளத்தன்னைக்கு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கல. மரமெல்லாம் விழுந்துச்சுங்க, பாத்துக்கிட்டு நிக்க மனசு வரல."

அண்ணன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் குடியைக் கெடுத்திட்டியே," என்று ஒரே வார்த்தை. அண்ணி அழவில்லை, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரும் அதை நம்பிவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மறுநாள் ஒரு கொடியை வேரோடு எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். பதிவுப் புத்தகத்தில் சொந்தப் பெயரை எழுதவில்லை. 'பொத்தோங் பாசிர், ஒரு விவசாயி' என்று எழுதினேன். அப்படி எழுதியபோதே எனக்கு உள்ளுக்குள் விடை தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்தாறு நாள் கழித்து யாக்கூப் கூப்பிட்டார். "வா, பாரு." மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். எலுமிச்சம்பழ வடிவில் சின்னச் சின்னப் பைகள். ஒன்று திறந்து, உள்ளேயிருந்து துளித்துளியாக என்னவோ வெளியே நீந்திப் போனது.

"பூசணம்தான். தண்ணியில நீந்துற சாதி. எவனோ மடையன் அழுகின கொடியை வாய்க்கால்ல வீசியிருக்கான். அந்தத் தண்ணியையே மொண்டு ஊத்துவாங்கள்ல? போதாததுக்கு வெள்ளம் வேற," என்றார். "அந்த ஆள்கிட்டச் சொல்லு. அழுகினதை எரிக்கணும், வாய்க்கால் தண்ணியத் தொடக்கூடாது, மிச்சக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடிக்கணும். சீக்கிரம் செஞ்சா பாதித் தோட்டம் பொழைக்கும்."

"சொல்லிடறேன்," என்றேன். மடையன் என்று அவர் சொன்னபோது கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

கார்டை அடித்தேன். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அண்ணே, இது தீட்டு இல்லை, கிருமி. கிருமி எப்படி வந்துச்சு என்று கேட்பார். அங்கேதான் ஒத்திகை ஒவ்வொரு முறையும் நின்றுபோனது. செடி டாக்டர் தம்பி, வெற்றிலைச் சோறு தின்று படித்த தம்பி, பந்தாட்டம் பார்க்கப் போகும் அவசரத்தில் தோட்டத்தையே சாகடித்தான் என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் அண்ணியின் புடவைத் தலைப்புத் தெரிந்தது.

"உங்க ஆபீஸ்ல என்னடா சொன்னாங்க?"

காகிதம் பையில் இருந்தது. விரல்கூட அதன்மேல் பட்டது. "அவங்களுக்கும் ஒண்ணும் பிடிபடலையாம்ணே," என்றேன்.

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார். "கேட்டியா? படிச்சவனுக்கே பிடிபடல. இது கிருமியும் இல்ல, பூச்சியும் இல்ல. தீட்டு." புடவைத் தலைப்பு உள்ளே போய்விட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவன் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பரிமாறியவர் அண்ணிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பாதி உண்மை. அண்ணியின் அம்மாவுக்கு அண்ணன் கடிதம் எழுதச் சொன்னார். உங்கள் மகள் செய்த காரியத்தால் கொடிக்கால் போயிற்று, அவளை ஊருக்கு அனுப்பி வைக்கிறேன் என்று. அண்ணனுக்கு எழுத வராது. எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஒரு மாதத்தில் பதில் வந்தது. குடியைக் கெடுத்தவளுக்கு இந்த வீட்டிலும் இடமில்லை, இனி எனக்கு மகளே இல்லை என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை அண்ணிக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். போக இடமில்லாததால் அண்ணி இங்கேயே இருந்தார். அதன் பிறகு அவர் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை.

கொடிக்கால் மார்ச்சுக்குள் முழுக்கப் போய்விட்டது. பாதியாவது பிழைத்திருக்கும் தோட்டம் அது. அண்ணன் நிலத்தை விட்டுவிட்டு ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்தார். ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போனார். அண்ணி தேக்காவில் முகைதீன் பாய் சாப்பாட்டுக் கடையில் மசாலா அரைத்தார். பத்து வருஷம். விரலெல்லாம் மஞ்சள் ஏறி, கழுவினாலும் போகாத கைகள். வேலைக்குப் போகும் வழியில் வெற்றிலைக் கடைகள் உண்டு. அந்த இடம் வந்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போவார். கோயிலில் வில்வ மரத்துப் பக்கம் போகமாட்டார். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அண்ணன் அவரை ஒதுக்கவில்லை, ஆனால் யாராவது பழைய கொடிக்காலைப் பற்றிக் கேட்டால், "அவளைக் கேளுங்க," என்பார். அவர்களும் கேட்பார்கள். அண்ணியும் ஒவ்வொரு முறையும், "என்னாலதான்," என்பார்.

எனக்கு உத்தியோக உயர்வு வந்தது. கல்யாணம் ஆனது. பெண் எடுத்தது அண்ணியின் ஊரிலேயே, அவர் அம்மா இருக்கும் அதே தெருவில். ஆபீஸ் வேனில் தோட்டம் தோட்டமாகப் போய், "அழுகினதை எரிங்க, வாய்க்கால்ல போடாதீங்க," என்று விவசாயிகளுக்குச் சொல்வது என் வேலையாயிற்று. ஊருக்கு உபதேசம் செய்யச் சம்பளமும் கொடுத்தார்கள். அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். அண்ணன் நெஞ்சு நோயில் படுத்தார். நோயாளியிடம் போய் இதையா சொல்வது என்று எனக்கு ஒரு நல்ல சாக்குக் கிடைத்தது. 1965இல் அவர் போய்விட்டார். கொள்ளி வைத்தவன் நான்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போனேன். பக்கத்து அறையில் உம்மு சல்மா என்றொரு அம்மா. மண்ணெண்ணெய் டின்னில் கறிவேப்பிலைச் செடி வைத்து வராந்தாவில் வளர்த்தார். அது மஞ்சளடித்து நின்றது.

"தம்பி, நீங்க செடி டாக்டராமே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றார்.

டின்னைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஓட்டை இல்லை. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஐந்தாவது இழுப்பறை. "அண்ணி, இந்த டின்னைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, ஆணியால ஓட்டை போடறேன்," என்றேன்.

அண்ணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "நான் தொடக்கூடாது தம்பி. பாவம், அவங்க ஆசையா வளர்க்குறாங்க."

அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வலது கால் இருக்கு என்பதுபோல. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷி, மஞ்சள் ஏறிய கைகளை ஒரு டின் செடியிடமிருந்து ஒளித்துக்கொண்டு நின்றார். ஆணியைக் கீழே வைத்தேன். அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று ஞாயிறு, வாய்க்கால், பந்தாட்டம், பூசணம், பையில் இருந்த காகிதம். வெள்ளத்தில் அவர் இறங்கியதால் ஒரு இலைகூடக் கெடவில்லை, நாற்பது மரம் பிழைத்து நின்றது அவரால்தான் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அந்த அழுகையும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அவரே என்னைத் தேற்ற வேண்டும் என்று எதிர்பார்த்த அழுகை அது.

அண்ணி தேற்றவில்லை. கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"அவர் போற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். அண்ணி உள்ளே போனார். ஒரு ஏர்லெட்டரும் ஒரு பழைய பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எங்கம்மா இன்னும் இருக்காங்களாம். எழுதுங்க. அன்னைக்கு எழுதினீங்கள்ல, அதே கையால."

எழுதினேன். கொடிக்கால் கெட்டது தீட்டால் அல்ல, பூசணம் என்னும் கிருமியால். அழுகிய கொடிகள் வாய்க்காலில் கிடந்ததால் தண்ணீர் வழியாக அது பரவியது. ஆராய்ச்சிக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே ரத்தினம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை. நல்ல தமிழில், கோர்வையாக வந்திருந்தது. திருப்தியோடு வாசித்துக் காட்டினேன்.

அண்ணி கண்ணை மூடிக் கேட்டார். "எதால வந்துச்சுன்னு எழுதிட்டீங்க," என்றார். "யாரால வந்துச்சுன்னு எழுதலையே தம்பி."

அந்த ஊரில் கடிதத்தைத் தபால்காரர்தான் வாசலில் நின்று வாசித்துச் சொல்வார். தெருவே கேட்கும். என் மாமனார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அந்த வாசல். அண்ணிக்கும் அது தெரியும். நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அவர் பார்வையை விலக்கவில்லை.

மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன்: 'அழுகிய கொடிகளை வாய்க்காலில் போட்டவன் வடிவேலுவின் தம்பி பரமசிவம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தவனும் அவனே.'

"படிங்க," என்றார் அண்ணி. உம்மு சல்மா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படியில் வேறு யாரோ ஏறிவந்து நின்றார்கள். முதலிலிருந்து படித்தேன். என் பெயர் வந்த இடத்தில் என்னையறியாமல் குரல் இறங்கிவிட்டது.

"அந்த இடம் சரியாக் கேக்கல," என்றார் அண்ணி. "மறுபடி படிங்க."